ஜங்கிள் செட் சேர்க்க நான்கு வழிகள்: கார்டு விலையை விடுங்க, பார்சலை எண்ணுங்க

போன மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஈரோட்டில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடமான தம்பி ஒருவர். பொள்ளாச்சியில் தோப்பு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், அவர் கேட்டது மகளுக்காக. மூன்றாமவர் கோவைக்காரர், பள்ளிக்கூட வயதில் சிப்ஸ் பாக்கெட் டாஸோவுக்காகக் கைச்செலவுக் காசைத் தொலைத்த என் வயதுக்காரர்.

ஜப்பான் கார்ட்டூன் பிராணிகள் படம் போட்ட போக்கிமான் கார்டுகளில், 1999இல் வந்த ஜங்கிள் செட்டை முழுசாகச் சேர்க்க வேண்டும். உள்ளே எந்தக் கார்டு என்று தெரியாத பழைய பாக்கெட்டை வாங்கிப் பிரிப்பதா, ஒவ்வொரு கார்டாக வாங்குவதா, யாரோ சேர்த்து முடித்ததை மொத்தமாக எடுப்பதா, ஜப்பான் பதிப்புக்குப் போய்விடுவதா?

ஈரோட்டுத் தம்பி தீர்மானத்தோடுதான் வந்திருந்தார். "ஏனுங்ணா, ஒரு பொட்டியா வாங்கிப் பிரிச்சுப் போட்டா செட்டு முடிஞ்சிருமல்லங்க?"

முடியாதுங்க தம்பி. அந்தக் கணக்கு கீழே வருகிறது.

## எதை வைத்து முழுசு என்பது

அமெரிக்காவில் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் ஆங்கிலத்தில் போக்கிமான் கார்டு அச்சடித்த காலத்தில், முதல் பேஸ் செட்டுக்கு அடுத்து வந்த விரிவுத் தொகுப்பு ஜங்கிள். 1999 ஜூனில் வெளியானது. மொத்தம் 64 கார்டு. 1 முதல் 16 வரை ஹோலோ, அதாவது படத்தில் மினுமினுப்பு உள்ளவை. 17 முதல் 32 வரை அதே பதினாறும் மினுமினுப்பு இல்லாமல். 33 முதல் 48 வரை அன்காமன், அதாவது கொஞ்சம் அரிது. 49 முதல் 64 வரை காமன், சாதாரணமாகக் கிடைப்பவை.

ஆக, 64 என்று சொன்னாலும் தனித்தனிப் படம் 48தான். மினுங்காத பதினாறு தேவையில்லை என்று முடிவு செய்தால் வேலை கால்வாசி குறையும். செட் முடிந்தது என்று எப்போது சொல்லப்போகிறீர்கள் என்பதைக் காசை எடுக்கும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் மாற்றினால் மனசு கேட்காது.

ஆங்கில ஜங்கிளில் இரண்டு அச்சு உண்டு. படத்துக்குக் கீழே இடப்பக்கம் சின்னக் கருப்பு வட்டத்தில் 1 என்ற முத்திரை இருந்தால் முதல் அச்சான ஃபர்ஸ்ட் எடிஷன், இல்லாவிட்டால் பிறகு அடித்த அன்லிமிடெட். "இது ஷேடோலெஸ் ஜங்கிள்" என்று யாராவது விற்க வந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். ஷேடோலெஸ், அதாவது படச் சட்டத்தோரம் நிழல் இல்லாத வகை, பேஸ் செட்டில் மட்டும்தான். "1995 கார்டு" என்று விளம்பரம் போடுகிறவர்களும் உண்டு. கார்டின் அடியில் பொடி எழுத்தில் 1995 என்று இருப்பது காப்புரிமை ஆண்டு. அச்சான ஆண்டுக்கு அதே வரியின் கடைசியில் விசார்ட்ஸ் பெயரோடு 1999 என்று இருக்கும்.

பழைய செட்டுகளில் ஏன் ஜங்கிள்? சாரிஸார்டு என்ற போக்கிமான் இதில் இல்லை, அதனால்தான். அந்த ஒரு கார்டு ஒரு செட்டில் இருந்துவிட்டால் மொத்தச் செலவில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். பேஸ் செட்டில் அது இருக்கிறது, 2000இல் வந்த டீம் ராக்கெட்டில் டார்க் சாரிஸார்டு இருக்கிறது. ஜங்கிளிலும் 1999 அக்டோபரில் வந்த ஃபாசிலிலும் இல்லை. ஃபாசில் 62 கார்டு. அதைச் சேர்ப்பவர்களுக்கும் கீழே உள்ள கணக்கு முக்கால்வாசி பொருந்தும்.

## எடைபோடும் படிக்கற்கள்

நம்ம ஊரில் சீட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது மாசச் சீட்டு. அந்தப் புத்தி இதற்கும் உதவும். கையில் வரும் தொகையைப் பார்க்கும் முன் தள்ளுபடி எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று பார்ப்போமில்லையா?

முதல் படிக்கல், வீட்டு வாசலில் வந்து இறங்கும் விலை. பழைய ஆங்கிலக் கார்டு பெரும்பாலும் கடல் தாண்டித்தான் வரவேண்டும். சுங்க வரி கார்டின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. கார்டு விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் கூட்டி அதன் மேல் போடுவார்கள். பிறகு இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி. கூரியர் கம்பெனி வரியைக் கட்டிக் கொடுத்ததற்கு தனியாக ஒரு கட்டணம் கேட்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கி அட்டையிலும் ஒரு பிடிப்பு உண்டு.

உதாரணத்துக்கு ஒரு காமன் கார்டு 100 ரூபாய், அது வர 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரி 1,300க்கு. அந்தக் கார்டோடு அதே உறையில் இன்னும் 31 கார்டு வந்திருந்தால் போக்குவரத்தில் ஒன்றுக்கு 40 ரூபாய் கூட விழாது. தனியாக வந்த அதே கார்டு, வரிக்கு முன்னாலேயே பதின்மூன்று மடங்கு விலை. எனவேதான் எத்தனை பார்சல் என்பதை முதலில் எண்ணச் சொல்கிறேன். மற்ற படிக்கற்களைவிட இதற்குக் கனம் எச்சு.

"கிஃப்டுன்னு எழுதி அனுப்பச் சொல்லிட்டா?" என்று கோவைக்காரர் கேட்டார். 2019 டிசம்பரோடு அந்தக் கதவு மூடியாயிற்று. தபாலிலோ கூரியரிலோ வருவதை கிஃப்ட் என்று சொல்லி வரி கட்டாமல் விடுவிக்க முடியாது. விலக்கு உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும். ஸ்னார்லாக்ஸ் கார்டை ராக்கியில் கட்டி அனுப்ப யாராவது வழி கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள்.

இரண்டாவது, அசலா என்று வாங்கும் முன்னாலேயே பார்க்க முடியுமா. மூன்றாவது, அந்த வழியில் போனால் செட் முடியுமா, ஒரே கார்டு நான்கு சேர்ந்துகொண்டு நிற்குமா. நான்காவது, நாளைக்கு அவசரத்துக்கு விற்றால் போட்டதில் எவ்வளவு திரும்பும். ஐந்தாவதாகச் சேர்க்கும் சுகத்தையும் சொல்லவேண்டும். அது ஆளுக்கு ஆள் வேறு, நான் எடைபோட முடியாது.

## வழி 1: பிரிக்காத பாக்கெட் வாங்கிப் பிரிப்பது

ஜங்கிள் பாக்கெட்டில் 11 கார்டு. ரேர், அதாவது முதல் 32 எண்ணில் வரும் அபூர்வக் கார்டு, ஒன்றுதான். மூன்று பாக்கெட்டுக்கு ஏறக்குறைய ஒன்றில் அந்த ரேர் ஹோலோவாக இருக்கும். ஒரு பெட்டியில் 36 பாக்கெட். அப்படியென்றால் ஒரு பெட்டிக்குச் சுமார் 12 ஹோலோ. நமக்குத் தேவை 16. ஒன்றுகூடத் திரும்ப வராமல் அதிர்ஷ்டம் கொட்டினாலும் நாலு குறையும்.

உண்மையில் திரும்பத் திரும்ப வரும். பதினாறும் சம வாய்ப்பில் வருவதாக வைத்துக் கணக்குப் போட்டால், பதினாறையும் ஒரு தடவையாவது பார்க்கச் சராசரியாக 54 ஹோலோ பிரிக்கவேண்டும். மூன்றுக்கு ஒன்று என்றால் 162 பாக்கெட், நாலரைப் பெட்டி. கால் நூற்றாண்டு பழைய சரக்கில் நாலரைப் பெட்டி வாங்கும் காசுக்குப் பல்லடம் ரோட்டில் என்ன வாங்கலாம் என்று தம்பி யோசித்துப் பார்த்துவிட்டு போனை வைத்துவிட்டார்.

மறைந்த செலவு வேறு இருக்கிறது. ஹோலோ கார்டுள்ள பாக்கெட் ஒரு மயிரிழை கனம் அதிகம். நகைக்கடைத் தராசு போன்ற ஒன்று இருந்தால் கனமானதைப் பிரித்து எடுத்துவிட்டு லேசானதை மட்டும் விற்கலாம், விற்கிறார்கள். உதிரியாக வரும் பழைய பாக்கெட் எத்தனை தராசு ஏறி இறங்கியதோ! உறையைப் பக்குவமாகப் பிரித்து, ஹோலோவை எடுத்து, திரும்ப ஒட்டி விற்பதும் நடக்கிறது. அசலா என்று பார்க்க ஒரே வழி பிரிப்பது. பிரித்த நிமிஷமே விலை போய்விடும்.

இந்த வழி யாருக்குச் சரி? பிரிக்காமலே வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு. செட் சேர்ப்பவருக்கு இது வழியே இல்லை.

## வழி 2: ஒவ்வொரு கார்டாக

சுகம் இதில்தான். மாசச் சம்பளத்தில் ஒரு தொகை ஒதுக்கி, ஒரு மாசம் வேப்போரியான், அடுத்த மாசம் ஜோல்ட்டியான் என்று போகலாம். ஒவ்வொரு கார்டின் முன்னும் பின்னும் படம் கேட்டு, மூலை வெள்ளையா, ஹோலோவில் கீறலா என்று பார்த்து வாங்கலாம். ஒன்று இரண்டாகச் சேராது.

ஆனால் இதை அப்படியே 64 கார்டுக்கும் செய்தால் நாசம். காமன் கார்டில் பாதிக்குமேல் தபால் செலவைவிட விலை குறைந்தவை. நான் ஆரம்பத்தில் ஈவீ ஒன்று, பிக்காச்சு ஒன்று என்று தனித்தனியாக வரவழைத்தேன். அந்த இரண்டு கார்டுக்கு ஆன செலவில் பின்னாளில் காமன், அன்காமன் முப்பத்திரண்டையும் ஒரே உறையில் வாங்கினேன். வெளியில் சொல்லாத கணக்கு அது, இங்கே எழுதிவிட்டேன்.

இன்னொரு பள்ளம், தேடும்போது கண்ணில் படும் விசித்திரங்கள். அன்லிமிடெட் அச்சில் ஜங்கிள் பூ முத்திரை விடுபட்டுப்போன ஹோலோக்கள் உண்டு, பதினாறுமே அப்படிக் கிடைக்கின்றன. ஃபர்ஸ்ட் எடிஷன் பட்டர்ஃப்ரீ ஒன்றில் முத்திரையின் 1, ஆங்கில 'டி' எழுத்து மாதிரி அச்சாகியிருக்கும். இரண்டும் அசல் அச்சுப் பிழைகள், இரண்டுக்கும் தனி விலை. ஒன்றில் கைவைத்தால் செட் 64இல் நிற்காது.

ஃபர்ஸ்ட் எடிஷனா, அன்லிமிடெட்டா என்பதும் இங்கேதான் வெட்டிவிடவேண்டிய முடிவு. என் கட்சி அன்லிமிடெட். படம் ஒன்றுதான், அட்டை ஒன்றுதான், முத்திரை மட்டும் இல்லை. விலை வித்தியாசத்தில் தேய்ந்த கார்டுக்குப் பதில் மூலை மழுங்காத கார்டு கிடைக்கும். பாதிக்குப் பாதி கலந்து வைத்தால் கார்டு வைக்கும் பைண்டரைத் திறக்கும்போதெல்லாம் கண் அந்த முத்திரையைத்தான் தேடும்.

பிஎஸ்ஏ மாதிரித் தரம் போடும் நிறுவனங்கள் 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்துப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்த கார்டு வாங்கலாமா? ஹோலோ ஒன்றிரண்டு மட்டுமென்றால் வாங்கலாம், போலி பயம் குறையும். ஆனால் கூட்டுக்கே கனமும் பருமனும் இருக்கிறது, பார்சல் செலவு ஏறும். பைண்டரிலும் நுழையாது. இங்கிருந்து நம் கார்டை அனுப்பித் தரம் வாங்குவதென்றால் போக ஒரு செலவு, வர ஒரு செலவு. திரும்பி வரும்போது சுங்கத்தில் இது என்னுடையதேதான் என்று விளக்க வேண்டிய பாடு வேறு.

## வழி 3: மொத்தமாக

யாரோ சேர்த்து வைத்த செட், அல்லது "காமன், அன்காமன் 32 கார்டு" என்று விற்கும் லாட். பார்சல் ஒன்று, வரி ஒரு தடவை. கணக்குப்படி இதுதான் மலிவு.

ஆபத்தும் இதில்தான் அதிகம். நான் முதலில் வாங்கிய ஹோலோ லாட் வெளிநாட்டிலிருந்து வந்ததே இல்லை. இணைய விளம்பரம் பார்த்துப் பேசி, காந்திபுரம் பேருந்து நிலையத்தில் டீக்கடை வாசலில் காசு கொடுத்து வாங்கியது. பதினாறும் இருந்தது. ராத்திரி டியூப்லைட்டில் பார்த்தால் ஜொலிப்பு. மறுநாள் காலையில் கம்பெனிக்கு எடுத்துப்போனேன்.

நான் இருப்பது திருப்பூரில் பனியன் கம்பெனி. துணியில் இழை எண்ணப் பிக் கிளாஸ் என்று மடக்கு லென்ஸ் வைத்திருப்போம். செக்கிங் டேபிள் வெளிச்சத்தில் கங்காஸ்கான் கார்டை வைத்து, அதன் மேல் பிக் கிளாஸை நிறுத்திப் பார்த்தேன். படம் வண்ணப் புள்ளிகளாகத் தெரிந்தது, அது சரிதான், அசலும் அப்படித்தான். பெயரின் கருப்பு எழுத்துக்கு நகர்த்தினேன். அசல் கார்டில் எழுத்து தனிக் கருப்பு மையில் ஓரம் வெட்டினாற்போல் நிற்கும். இதில் எழுத்துக்குள்ளும் நீலப் புள்ளி, சிவப்புப் புள்ளி. யாரோ அசலை ஸ்கேன் செய்து அடித்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற செக்கிங் அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "பிரிண்டு ரிஜெக்டுங்க தம்பி" என்றார். பதினாறும் ரிஜெக்ட்.

கண்ணபுரம் சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்க்காமல் யாரும் கயிறு மாற்றுவதில்லை. கார்டுக்குப் பல் அதன் ஓரம். அசல் கார்டு இரண்டு தாளுக்கு நடுவே ஒளியைத் தடுக்கும் கருத்த படலம் வைத்து ஒட்டியது. பக்கவாட்டில் பார்த்தால் மெல்லிய கருப்புக் கோடு தெரியும். பின்னால் டார்ச் அடித்தால் போலி கார்டு விளக்குக் கண்ணாடி மாதிரி பளிச்சென்று விடும், அசல் மங்கலாக நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்கச் சந்தேகமில்லாத பழைய காமன் கார்டு ஒன்று கையில் இருப்பது நல்லது.

தூரத்தில் இருக்கும் விற்பவரிடம் டார்ச் அடிக்க முடியாது. 64 கார்டின் பின்பக்கப் படத்தையும் கேளுங்கள். முன்பக்கம் மட்டும் அனுப்புகிறவர் பின்பக்க வெள்ளைத் தேய்மானத்தை மறைக்கிறார் என்றே வைத்துக்கொள்ளலாம். "நியர் மின்ட் டு பிளேய்ட்", அதாவது புதுசு போன்றது முதல் விளையாடித் தேய்ந்தது வரை, என்று ஒரே வரியில் எழுதியிருந்தால், காமன் நியர் மின்ட், ஹோலோ பிளேய்ட் என்று படியுங்கள்.

## வழி 4: ஜப்பான் பதிப்பு

மூலமே அதுதான். ஜப்பானில் ஜங்கிள் 1997 மார்ச்சிலேயே வந்துவிட்டது. மொத்தம் 48 கார்டு, ரேர் பதினாறும் ஹோலோ. மினுங்காத இரட்டைப் பிறவிகள் கிடையாது. ஃபர்ஸ்ட் எடிஷன் முத்திரைத் தகராறும் கிடையாது. பின்பக்கம் ஆங்கிலக் கார்டிலிருந்து வேறு, பழைய ஜப்பான் வடிவம். 64இல் எத்தனையாவது என்ற எண் இருக்காது, அந்தப் போக்கிமானின் எண்தான் இருக்கும்.

விலை பெரும்பாலும் ஆங்கிலத்தைவிட இறக்கம். அங்கே விற்பவர்கள் நிலைமையைக் கறாராகக் குறிப்பிடுவார்கள் என்பது என் அனுபவம். இடைத்தரகு நிறுவனங்கள் வழியாக வாங்கினால் பல கடைகளில் எடுத்ததைக் கிடங்கில் சேர்த்து ஒரே பெட்டியாக அனுப்பச் சொல்லலாம். பார்சல் கணக்குக்கு இதைவிட வசதி இல்லை. மறைந்த செலவு: தரகுக் கட்டணம், ஜப்பானுக்குள்ளேயே கடையிலிருந்து கிடங்குக்கு வரும் செலவு, பெட்டி கட்டும் கட்டணம். தனித்தனியாகச் சின்னத் தொகை, கூட்டினால் சின்னதில்லை.

குறை ஒன்றே. படிக்க முடியாது. எனக்கு அது குறையாகப்படவில்லை, படத்துக்காகத்தான் சேர்க்கிறேன். பொள்ளாச்சி அண்ணன் மகளுக்கு அது பெரிய குறை. அந்தப் பாப்பா கார்டில் உள்ள தாக்குதல் பெயரைச் சத்தமாகப் படித்து அவங்க அமுச்சிப் பாட்டியைச் சாகடிக்கிறதாம்.

## ஒரே பார்வையில்

| | பாக்கெட் பிரிப்பது | ஒவ்வொன்றாக | மொத்தமாக | ஜப்பான் பதிப்பு |
|---|---|---|---|---|
| பார்சல் | குறைவு, ஆனால் விலை மிக அதிகம் | மிக அதிகம் | ஒன்று | ஒன்றிரண்டு |
| வாங்கும் முன் சோதிக்க | முடியாது | படத்தில் நன்றாகப் பார்க்கலாம் | அரைகுறை | படத்தில் பார்க்கலாம் |
| செட் முடியுமா | ஒரு பெட்டியில் முடியாது | முடியும், மெதுவாக | உடனே | முடியும், 48தான் |
| மறைந்த செலவு | எடைபோட்டுக் கழித்த, திரும்ப ஒட்டிய பாக்கெட் | தபால், வரி, பிழைக் கார்டு ஆசை | போலி, தேய்ந்த ஹோலோ | தரகு, கிடங்கு, பெட்டிக் கட்டணம் |
| திரும்ப விற்க | பிரிக்காதவரை சுலபம் | ஹோலோ சுலபம் | செட்டாகச் சுமார் | இங்கே ஆள் குறைவு |

## மூன்று பேருக்கும் சொன்னது

ஈரோட்டுத் தம்பிக்கு வழி 2, வழி 3 இரண்டையும் கலக்கச் சொன்னேன். காமனும் அன்காமனும் 32 கார்டு லாட்டாக ஒரே உறையில், அன்லிமிடெட். போலி அடிப்பவனுக்கு இவற்றில் லாபம் இல்லை, பயம் குறைவு. ஹோலோ பதினாறும் நாலு நாலாக, ஒரே விற்பவரிடம் சேர்த்து வாங்கினால் நாலே பார்சல். மினுங்காத பதினாறை அவர் வேண்டாமென்றுவிட்டார்.

கோவைக்காரருக்கு ஜப்பான் பதிப்பு. வீட்டில் மொத்தச் செலவு தெரியக்கூடாது என்பது அவருடைய ஆறாவது படிக்கல். ஒரு பெட்டி வந்தால் ஒரு தடவைதானே பதில் சொல்லவேண்டும்!

பொள்ளாச்சி அண்ணனிடம், "பாப்பாவுக்கு எட்டு வயசுதானுங்களே, பழைய செட்டே வேண்டாமுங்ணா" என்றேன். விளையாடவும் படிக்கவும் இப்போது கடையில் கிடைக்கும் புதுப் பாக்கெட் போதும். அசலாகப் பார்த்து வாங்கவேண்டும், பெட்டிக்கடையில் தொங்கும் தங்கக் கலர் கார்டு அத்தனையும் போலி. ஜங்கிள் பிக்காச்சு ஒன்று மட்டும் என்னிடம் இரண்டாவதாக இருந்தது, அதைக் கொடுத்தனுப்பினேன். தனியாக வரவழைத்த அந்தப் பழைய பிக்காச்சுதான்.

வாங்கிய பிறகு ஒரு செலவு இருக்கிறது, பலரும் விட்டுவிடுகிறார்கள். ஹோலோவில் மினுங்கும் படலம் ஈரம் குடிக்காது, தாள் குடிக்கும். சித்திரை வெயிலில் காய்ந்து கிடந்த கார்டு, ஆனியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு உள்ளே வந்ததும் வில் மாதிரி வளையும். ஸ்டேஷனரி கடையின் மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், நாளாக நாளாக ஒட்டும். பாலிபுரோப்பிலீன் ஸ்லீவ் போட்டு, ஒன்பது அறைப் பக்கம் உள்ள பைண்டரில் வைத்து, மூடும் பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். எங்கள் ஊரில் ஏற்றுமதிப் பெட்டிக்குள் போடுவது அதுதான், காசு கொடுத்து வாங்கியதே இல்லை. ஒன்பது ஒன்பதாக வைத்தால் ஏழு பக்கத்தில் 63 கார்டு. அறுபத்து நாலாவதான போக்கே பால் எட்டாவது பக்கத்தில் ஒண்டியாக உட்கார்ந்திருக்கும்.

என் பைண்டரில் ஒரு அறை இன்னும் காலி. ஸைதர் ஹோலோ. அதற்காக ஒரு பார்சல் வரவழைக்க மனசு வரவில்லை. டல்லாஸிலிருந்து மச்சான் தைமாசம் கல்யாணத்துக்கு வருகிறான். அவன் பெட்டியில் ஏற்கெனவே நாலு வீட்டுக்குச் சாக்லேட், இரண்டு வீட்டுக்கு மாத்திரை, ஒரு பெரியப்பாவுக்கு ஷூ. கார்டுக்கு எடை இரண்டு கிராம்கூட வராதுடா என்று சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறான்.